ஒன்பது பிறந்ததும்

கூட்டம் என்றால் ஆள் வேண்டும். 'வட்டார சுகாதாரப் பேரவை' என்று ஆளுயரப் பேனர் அடித்துவிட்டு மண்டபம் காலியாகக் கிடந்தால் யாருக்கு மரியாதை? அதனால் திண்டிவனத்துக்கு வெளியே இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தை நிரப்புகிற பொறுப்பு, வழக்கம்போல, ஊர் ஊராகப் போய் ஊசி போடும் நர்சுகளின் தலையில் விழுந்தது. புங்கமேட்டு நர்ஸ் இருதயசெல்வி மகளிர் குழுத் தலைவி எலிசாவிடம் சொன்னாள். எலிசா தெருத்தெருவாகச் சொன்னாள். வருஷம் முழுக்க ஆஸ்பத்திரி என்ன செய்தது, வருகிற வருஷம் என்ன செய்யப்போகிறது என்று பெரியவர்கள் பேசுவார்கள். வேன் உண்டு, டீ உண்டு, மத்தியானம் சாம்பார் சாதம் உண்டு.

கோவிந்தம்மாளை மட்டும் எலிசா கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. போன மழைக்காலத்தில் தலைப்பிரசவத்துக்கு இருந்த மகளைப் பறிகொடுத்தவளிடம் போய், தாய்சேய் நலம் பற்றிப் பேசுகிறார்கள், வந்து கைதட்டு என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் வேன் கிளம்புகிற நேரத்துக்குக் கோவிந்தம்மாளே சலவைப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வர்றேன் எலிசா."

"அங்க ஒண்ணும் இல்லக்கா. சும்மா பேசிக்கினு இருப்பாங்க. உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

"பேசட்டும். எம் பொண்ணப் பத்தி ஒரு வார்த்த பேசறாங்களான்னு பாக்கணும்."

அவள் புருஷன் பாண்டுரங்கன் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்லவில்லை. மகள் போனதிலிருந்து அவர் எதற்கும் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டுகிறார், வருகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். வேனில் கோவிந்தம்மாளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்கள்.

நடந்தது இதுதான். மகள் சங்கவியை விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஆலங்கொல்லையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை செல்வகுமாருக்குப் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. குறை சொல்ல முடியாத பையன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. ஏழாம் மாதக் கடைசியில் நாள் பார்த்து ஆலங்கொல்லையில் வளைகாப்பு வைத்தார்கள். புங்கமேட்டிலிருந்து சாதவகைகளோடு வண்டி வைத்துக்கொண்டு போனார்கள். அன்று சாயந்திரமே பெண்ணைக் கையோடு கூட்டிவருவதாக ஏற்பாடு. நலங்கு வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பந்தியும் முடிந்தது. அந்த ஊர் நர்சம்மாவும் வந்திருந்தாள். புளிச்சாதம் சாப்பிட்டாள், சங்கவியின் கையிலிருந்து இரண்டு வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாள், "நல்லபடியா அனுப்பியாச்சு" என்று வாயார வாழ்த்திவிட்டு வண்டி ஏறிப் போனாள்.

அவள் தலை மறைந்த பிறகுதான் போன் வந்தது. புங்கமேட்டில் பாண்டுரங்கனின் பெரியப்பா மகன் செத்துப்போனார். பங்காளி சாவு. தீட்டு வீட்டுக்குப் புள்ளத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு போவதா? கருமாதி முடியட்டும் என்றார்கள். வண்டி பெண் இல்லாமல் திரும்பியது. கருமாதி முடிவதற்குள் எட்டு பிறந்துவிட்டது. ஏழில் அழைக்கலாம், ஒன்பதில் அழைக்கலாம், எட்டில் மட்டும் பெண் வாசல் தாண்டக் கூடாது. மற்ற எதில் முட்டிக்கொண்டாலும் இந்த ஒன்றில் சம்பந்திகள் இரண்டு பேருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

ஆலங்கொல்லையில் சங்கவி அனுப்பியாகிவிட்ட பெண். போய்விட்டவளை யார் தேடிவந்து பிரஷர் பார்ப்பார்கள்? புங்கமேட்டில் அவள் இன்னும் வந்து சேராத பெண். வராதவளை இருதயசெல்வி எங்கே போய்ப் பார்ப்பாள்? ஆக, எட்டாம் மாதம் முழுக்க அந்தப் பெண் எந்த ஊரிலும் இல்லை. மாமியார் வீட்டுக் கூடத்தில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

ஒருநாள் அம்மாவுக்குப் போன் செய்தாள். "எம்மா, கால் உப்பிப்போயி செருப்பு நொழைய மாட்டேங்குது. தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது. என்னை வந்து கூட்டிக்கினு போயேன்."

"கால் வீங்கறது எல்லாருக்கும் உள்ளதுதான்டி. எட்டு நடக்குது, எப்படி வர்றது? ஒன்பது பொறக்கட்டும். பொறந்த அன்னிக்கே வந்து கூட்டிக்கினு வந்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒன்பது பிறக்கவில்லை. ஒரு நண்பகலில் மாமியார் கண்ணெதிரே கையும் காலும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். பிரசவ ஜன்னி என்று பிறகு சொன்னார்கள். ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது, வயிற்றில் இருந்ததும் சேர்ந்து. புகுந்த ஊரிலேயே அடக்கம் ஆனது. கோவிந்தம்மாள் போய் மண் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். மகள் பிணமாகக்கூடப் பிறந்த வீட்டு வாசலுக்கு வரவில்லை.

அப்படி ஒரு சாவு நடந்தால் அதிகாரிகள் வீடு தேடி வருவார்கள், எங்கே தவறியது என்று கேட்பார்கள், கலெக்டர்வரை போகும் என்று ஊரில் சொன்னார்கள். யாரும் வரவில்லை. கோவிந்தம்மாளே போய்க் கேட்டாள். ஆலங்கொல்லைப் பக்கம், தாய்வீட்டுக்கு அனுப்பியாச்சு என்றுதான் இருக்கிறது, உங்கள் ஊரில் கேளுங்கள் என்றார்கள். இந்தப் பக்கம், வந்ததாகவே இல்லையே, அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை, எங்கள் கணக்கில் வராது என்று கையை விரித்தார்கள். யாரும் அவளை விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பக்கத்து ஊரைக் காட்டினார்கள். செத்தவளை இப்படி ஆளாளுக்குத் தள்ளிவிட்டால் பெற்றவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்? தன் மகள் இருந்தாள், செத்தாள் என்று ஏதாவது ஓர் ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். கோவிந்தம்மாளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மண்டபத்தில் பொன்னாடைகள் போர்த்தி முடியவே காலை டீ ஆறிப்போனது. மேடையில் நடுநாயகமாக வட்டார மருத்துவ அலுவலர், டாக்டர் கலைப்பிரியா. நாற்பதை எட்டாத வயது, தூக்கம் போதாத கண். மைக் முன்னால் சுகாதார ஆய்வாளர் குமரேசன். பின்னால் திரையில் அவர் சொல்லச் சொல்ல எழுத்து மாறியது. டெங்கு போன வருஷத்தைவிடக் குறைவு என்றார், கைதட்டினார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை போகிறது என்றார், கைதட்டினார்கள். நாய்க்கடிக்கு எல்லா இடத்திலும் ஊசி இருப்பு இருக்கிறது என்றார், அதற்கும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்கென்றே கூட்டி வந்த கூட்டம், பாவம், வஞ்சனை இல்லாமல் தட்டியது.

"அடுத்தது தாய்சேய் நலம்," என்றார் குமரேசன். குரலில் ஒரு நிமிர்வு வந்தது. "நம்ம வட்டாரத்துல இந்த வருஷம் தாய் மரணம் இல்லை. பெருமையா சொல்லிக்கலாம். அடுத்த வாரம் விழுப்புரத்துல நம்ம டாக்டரம்மாவுக்குக் கேடயம் குடுக்கறாங்க."

அதுவரை தட்டியதெல்லாம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரி மண்டபம் அதிர்ந்தது. புங்கமேட்டு வரிசை மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓரமாக நின்றிருந்த இருதயசெல்வி அந்த வரிசையைப் பார்த்தாள். கோவிந்தம்மாள் அங்கே இருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

கோவிந்தம்மாள் எழுந்து நின்றாள். கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்தாள். அவள் சண்டைக்கு வந்தவள் மாதிரி நிற்கவில்லை. ரேஷன் கடையில் தன் முறை வந்தவள் மாதிரி நின்றாள்.

"இல்லன்னு சொன்னீங்களே, அது எப்படிங்க?"

குமரேசனுக்குப் புரியவில்லை. "என்னம்மா கேக்கறீங்க?"

"எம் பொண்ணு செத்துப்போச்சுங்க. எட்டு மாச வயித்தோட. பேரு சங்கவி. இல்லன்னு சொல்றீங்களே, அதான் கேட்டேன்."

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குமரேசன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். கலைப்பிரியாவுக்கு அந்தப் பெயர் நினைவிருந்தது. வேறு வட்டாரத்துக் கேஸ் என்று கேள்விப்பட்டு ஒதுக்கிவைத்த பெயர். மைக்கை வாங்கி, "அம்மா, அது உங்க மருமகன் ஊர்க் கணக்குல வரும்," என்று தொடங்கினாள்.

"அங்க கேட்டேங்க. இங்க வரும்னாங்க."

கலைப்பிரியா மைக்கை மேஜைமேல் வைத்தாள். படியிறங்கி வந்தாள். எலிசா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்து, கோவிந்தம்மாளையும் உட்காரவைத்தாள். மேடைப் பேச்சுக்குப் பழகின டாக்டர், முழங்கால் இடிக்கிற அந்த நெருக்கத்தில் ஒரு கிராமத்து அம்மாவின் எதிரே உட்கார்ந்து, "முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றாள்.

கோவிந்தம்மாள் சொன்னாள். வளைகாப்பைச் சொன்னாள், பங்காளி சாவைச் சொன்னாள், எட்டு பிறந்ததைச் சொன்னாள். போனில் பேசியதைச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்திய இடத்தில் இருதயசெல்வி முன்னால் வந்தாள்.

"மேடம், வளைகாப்பு அன்னிக்கே அந்த ஊர் சிஸ்டர் எனக்குப் போன் பண்ணாங்க. அனுப்பியாச்சு, பாத்துக்குங்கன்னாங்க. அப்புறம் இங்க சாவு விழுந்ததால வரலன்னு எனக்கும் தெரிஞ்சுது. ஒன்பதுல கூட்டிக்கினு வருவாங்க, வந்ததும் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். அனுப்புனவங்க இன்னும் பாத்துக்கினு இருப்பாங்கன்னு நான் நெனச்சேன். இங்க வந்திருக்கும்னு அவங்க நெனச்சாங்க. வழக்கமா அப்படித்தான மேடம், எட்டுல யாரும் வர மாட்டாங்க."

"எட்டுல யாரும் வர மாட்டாங்க," என்று கலைப்பிரியா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவளுக்குத் தெரியாததா? அவளுடைய அம்மாவும் அவளை எட்டில் அழைக்கவில்லை. படித்த படிப்பு அந்த ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தது. ஜன்னி முன்கூட்டியே அடையாளம் காட்டுகிற மாதம், வாராவாரம் பிரஷர் பார்க்க வேண்டிய மாதம் அது. அந்த மாதத்தில்தான் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் பெண்கள் இப்படித் தொங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "குமரேசன் சார், அடுத்த வருஷத்துக்கான தீர்மானத்துல ஒண்ணு சேருங்க. வளைகாப்பு முடிஞ்சு ஒரு பொண்ண அனுப்பியாச்சுன்னு யார் சொன்னாலும், அடுத்த ஊர் சிஸ்டர் அந்தப் பொண்ணை நேர்ல பாத்துட்டு வந்தாச்சுன்னு சொல்ற வரைக்கும் அவ அனுப்புன ஊர்ப் பொண்ணுதான். எட்டு மாசம் நடக்கற பொண்ணு எந்த வீட்டுல உக்காந்திருக்கோ அந்த ஊர் சிஸ்டர்தான் பொறுப்பு. விழுப்புரத்துலயும் இதைப் பேசறேன்."

குமரேசன் எதிரே இருந்த லேப்டாப்பில் தட்டினார். திரையில் எழுத்து ஓடியது. யாரும் கைதட்டவில்லை.

"அது இனிமே வரப்போறவங்களுக்குங்க," என்று கோவிந்தம்மாள் எழுந்து நின்றாள். "நல்லதுதான். எம் பொண்ண என்ன பண்ணப்போறீங்க?"

கலைப்பிரியா எழுந்து ஜன்னல் பக்கம் போய் யாருக்கோ போன் போட்டாள். ஆலங்கொல்லை இருக்கிற வட்டாரத்து டாக்டர் என்று எல்லாருக்கும் புரிந்தது. பேச்சு நீண்டது. ஒருமுறை அவள் குரல் உயர்ந்து, "உங்க ஊர்லதான சார் உக்காந்திருந்துது," என்றது. சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது, ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வந்தபோது அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "ஒத்துக்கிட்டாங்கம்மா. நியாயமா அது அவங்க கணக்குதான். எட்டு மாசமும் அங்கதான இருந்துது. ஆலங்கொல்லைன்னு போட்டு, முறையா விசாரணையும் வைக்கறாங்க. நானும் கூட வர்றேன்."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. குமரேசன் முகத்தில் ரத்தம் திரும்பியது. நியாயமும் நடந்துவிட்டது, கேடயமும் தப்பிவிட்டது. இதைவிட என்ன வேண்டும்? எலிசாகூடக் கோவிந்தம்மாளின் கையைப் பிடித்து, "போதும்க்கா, ஒத்துக்கினாங்கல்ல," என்றாள்.

கோவிந்தம்மாள் உட்காரவில்லை. எத்தனை நாளாக அலைந்து கேட்டது கைக்கு வந்துவிட்டது. வந்த பிறகுதான், தான் கேட்டது இது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆலங்கொல்லை. மறுபடியும் அங்கேயே.

"வேணாம் டாக்டரம்மா," என்றாள். "எங்க ஊர்லயே எழுதிக்குங்க."

"அம்மா, விதிப்படி அது அங்கதான்..."

"விதி எனக்குத் தெரியாதும்மா. விசாரணை அங்க வைங்க, எங்க வேணா வைங்க, வந்து சொல்றேன். ஆனா பேரு புங்கமேட்டுல இருக்கட்டும். தலைவலிக்குது, வந்து கூட்டிக்கினு போன்னு கேட்டுச்சு. ஒன்பது பொறந்ததும் கூட்டிக்கினு வந்துடறேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். இத்தனை மாதமாக ஊரில் யார் முன்னாலும் அழாதவள், முன்பின் தெரியாத அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று அழுதாள்.

கலைப்பிரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேடை ஏறினாள். மேலே எழுதிப்போட்டால் மேலிடத்தில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், ஒருவேளை திருப்பியும் அனுப்புவார்கள். கேடயம் நிச்சயம் போச்சு. அதெல்லாம் அவள் முகத்தில் ஒரு கணம் வந்து போனது. மைக்கை எடுத்தாள்.

"திருத்திக்குங்க. நம்ம வட்டாரத்துல இந்த வருஷம் தாய் மரணம் ஒண்ணு."

எங்கோ பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டத் தொடங்கி, சட்டென்று நிறுத்தினார்கள். அந்த இரண்டு தட்டலும் மண்டபத்தில் அப்படியே நின்றன. குமரேசன் தலை குனிந்தபடி லேப்டாப்பில் தட்டினார். 'இல்லை' என்பது அழிந்தது. அந்த இடத்தில் 'ஒன்று' என்று வந்தது, பக்கத்தில் 'சங்கவி, புங்கமேடு' என்று வந்தது.

கோவிந்தம்மாளுக்கு அந்த எழுத்து சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள், அப்போதும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து நின்ற இருதயசெல்வியின் பக்கம் திரும்பினாள்.

"எழுதிட்டாங்களா நர்சம்மா?"

இருதயசெல்வி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தாச்சுக்கா," என்றாள்.